சத்தியம் செய்யாத ஏலக்காரர்

சீமோன் ஏழுமலை இறந்துவிட்ட செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் மீன்காரக் குப்பம்மாள். கூடையை வாசலில் இறக்கும்போதே அன்றைய மீனின் பெருமையை ஆரம்பித்துவிடுவது அவர் வழக்கம். அன்று ஆரம்பிக்கவில்லை. “ஏலக்கார அண்ணாத்த பூட்டாரு சாரு” என்றார். முந்தின நாள் மாலைதான் அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பேசியிருந்தேன். அதனால், இப்படிப்பட்ட செய்தியைக் கேட்கிற எல்லோரும் கேட்கும் பிரயோசனமில்லாத கேள்வியை நானும் கேட்டேன்: “நிஜமாவா?”

“சத்தியமா சாரு” என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “பாரேன். அவரு சாவ சொல்றதுக்குப் போயி சத்தியம் பண்றேன்” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

விடியற்காலை மீன் ஏலத்தை முடித்துவிட்டுக் கரையில் கிடந்த கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். வெற்றிலை போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். சற்று நேரம் கழித்து யாரோ ஏதோ கேட்க, பதில் வரவில்லை. கடைசிக் குவியலை எடுத்தவர் குப்பம்மாள்தான். கூடையை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, துக்க வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

நம் சபையாரில் பழையவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு மாற்றலாகி வந்திருக்கும் புதிய குடும்பங்கள் பல. அவர்கள் அவரைக் கடைசி பெஞ்சில், ஜெப வேளையிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் மனிதராக மட்டுமே அறிவார்கள். அது பக்திக் குறைவு என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டதும் உண்டு. புதுப்பட்டினம் கரையில் மீன் ஏலம் விட்டவர் அவர். கண்ணை மூடினால் குவியலில் மீன் குறைந்துவிடும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். வேறொரு பெரிய பழக்கத்தை விட்ட அவரால் இதை மட்டும் கடைசிவரை விட முடியவில்லை.

அவர் விட்ட பழக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது சத்தியம் செய்வது.

அந்தக் கரையை அறியாதவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றும். கட்டுமரங்கள் வந்ததும் மீனை மணலில் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் ஏலக்காரர் விலை கூறுவார். வாங்கும் பெண்களுக்குக் குனிந்து புரட்டிப் பார்க்க நேரம் கிடையாது. புரட்டிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் நிற்பவள் விலையைச் சொல்லித் தன் கூடையில் அள்ளிவிடுவாள். ஆகவே அடியில் மணல் மேடு கட்டி அதன்மேல் மீன் பரப்பியிருக்கிறதா, நேற்றைய மீனுக்கு மேலே இன்றைய மீனைத் தூவியிருக்கிறதா என்பதற்கெல்லாம் ஏலக்காரர் சொல்வதுதான் சாட்சி. சொல்வதை நம்பவைக்கச் சத்தியம். கடலம்மா சத்தியம், கங்கையம்மன் சத்தியம், பெற்றவள்மேல் ஆணை, கட்டினவள் தலைமேல் ஆணை. ஏழுமலை என்று மட்டும் அவர் அறியப்பட்ட அந்தக் காலத்தில், மகாபலிபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் அவரளவுக்குச் சரளமாகச் சத்தியம் செய்த ஏலக்காரர் கிடையாது என்று அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

பொய்ச் சத்தியம் செய்தால் யார்மேல் செய்தோமோ அவர் தலை வெடிக்கும் என்பது அங்கே நம்பிக்கை. ஏழுமலையின் தாயார் எண்பது வயதைத் தாண்டியும் கண் தெரிய, காது கேட்க, வெயிலில் நடமாடிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய மறுப்பைப் பகுத்தறிவாளர்கள் யாரும் அந்தக் கரையில் காட்டியதில்லை.

அவர் நம்மிடம் வந்தது ஒரு ஐப்பசி மழையில். சாட்சிக் கூட்டங்களில் மற்றவர்கள் கனவு கண்டதாகவும் குரல் கேட்டதாகவும் சொல்வார்கள். இவர் எப்போதும் ஒரே வரிதான் சொன்னார்: “மழைக்கு ஒதுங்கினேன்.” அன்று பாஸ்டர் தயார்செய்து வந்திருந்த பிரசங்கம் வேறு. நம் கூரை அப்போது தகரம். மழைச் சத்தத்தில் நீளமாகப் பேச முடியாது என்று சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டார். சத்தியமே செய்யாதிருங்கள், ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை, அதற்கு மேல் சேர்ப்பது எதுவும் நல்ல இடத்திலிருந்து வருவதில்லை என்பது அதன் சாரம். மழை விட்டதும் எல்லோரும் போய்விட்டார்கள். ஒதுங்கிய மனிதர் மட்டும் போகவில்லை. முன்னால் வந்து, “சத்தியம் பண்ணாம மீன எப்படி சாமி விக்கிறது?” என்று கேட்டார்.

பாஸ்டர் யோசித்துவிட்டு, தனக்குத் தெரியவில்லை என்றார். தன்னைத் திரும்ப வரவைத்தது பிரசங்கம் அல்ல, அந்தப் பதில்தான் என்று சீமோன் பிற்பாடு என்னிடம் சொன்னார். “எனக்கு தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு அவருதான் சாரு. எங்க கரையில தெரியாததுக்குத்தான் ரெண்டு சத்தியம் சேத்துப் பண்ணுவாங்க.”

நம் சபையில், விடவேண்டிய பழைய பழக்கங்களுக்கு எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. முதலில் சாராயம், பிறகு பீடி, பிறகு சினிமா. இவற்றை விட்டவர்கள் சாட்சி சொல்லலாம். விட்டதைப் பற்றிப் பல வருஷங்கள் விடாமல் சொல்லலாம். பொய் இந்த வரிசையில் இல்லை. சேர்த்தால் சாட்சிக் கூட்டங்கள் சுருங்கிவிடும் என்று பெரியவர்கள் கருதியிருக்கக்கூடும். கள்ளுக்கடைகள் திறந்திருந்த வருஷங்கள் அவை. திருந்துவதற்கு ஆள் தட்டுப்பாடே இல்லை. ஏழுமலையோ குடிக்காதவர், பீடி இழுக்காதவர். இவரிடம் விடுவதற்கு ஒன்றுமில்லையே என்று சபை கொஞ்சம் ஏமாந்துதான் போயிற்று.

ஞானஸ்நானத்தன்று, தொழில் மீன் சம்பந்தப்பட்டது என்பதால் பாஸ்டர் அவருக்கு இயேசுவின் மீனவச் சீடரான சீமோனின் பேரை வைத்தார். அவர் மீன் பிடித்தவர் அல்ல, விற்றவர் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலிலிருந்து ஈர வேட்டியோடு கரையேறியவரிடம் ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். “இனிமே எதுக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். இது சத்தியம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஒரு பழக்கம் தன் உடம்பில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டவரின் முகம் அது. அவருடைய மனைவி அஞ்சலை மட்டும் சிரிக்காமல், “எப்படியோ, இனிமே என் தல எனக்குத்தான்” என்றார்.

மறுநாளிலிருந்து கரையில் குழப்பம். விலை கூறிக்கொண்டே வருவார், சத்தியம் வரவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வார். அலை சத்தம் மட்டும் கேட்கும். வாங்க வந்த பெண்கள் இதை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய தர்க்கம் குறை சொல்ல முடியாதது. ஏழுமலை சத்தியம் செய்தால் அது நேற்றைய மீன். இப்போது சத்தியம் செய்யக்கூடப் பயப்படுகிறார். ஆகவே இது முந்தாநாள் மீன். “இன்னா அண்ணாத்த, சத்தியத்துக்குக் கூட ஆவாத மீனா இது?” என்று குப்பம்மாள் எல்லோரும் கேட்கும்படி கேட்டார். அன்று துள்ளிக்கொண்டிருந்த சங்கரா மீன் பாதி விலைக்குப் போயிற்று.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சீமோன் அந்த இடத்தில் இருமத் தொடங்கினார். திட்டமிட்டு அல்ல, தொண்டை தானாகச் செய்தது. கொஞ்ச நாளில் அந்தப் பெண்கள் இருமலைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். லேசான இருமல் என்றால் அடியில் கொஞ்சம் மணல். கனைத்து இருமினால் நேற்றைய மீன். “அண்ணாத்த இருமிட்டாரு, வாங்கடி போலாம்” என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, மிகுந்த யோசனையோடு சொன்னார்: “நாக்க வுட்டு போச்சின்னு நெனச்சிகினு கீறேன். அது எறங்கி தொண்டையில ஒக்காந்துகினு கீது சாரு.”

இருமலையும் விட வேண்டும் என்று முடிவு செய்தபோதுதான் அவருக்கு முழு விஷயமும் பிடிபட்டது. இருமலை விட வேண்டுமானால், இருமல் எதை மூடுகிறதோ அதையும் விட்டாக வேண்டும். மணல் மேட்டை நிறுத்தினார். நேற்றைய மீனைத் தனிக் குவியலாகப் போட்டு, நேற்றைய மீன் என்று கூறினார். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். வேதசாஸ்திரம் படித்தவர்கள் இதைவிட நீளமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன், இதைவிடத் தெளிவாகக் கேட்டதில்லை: “சத்தியம்ன்றது பொய்க்கு தெச்சிப் போட்ட சட்ட சாரு. சட்டய கழட்டிட்டேன். இப்ப அது அம்மணமா நிக்குது. பாக்க எனக்கே வெக்கமா கீது.”

கட்டுமரக்காரர்கள் சிலர் அவரை விட்டு வேறு ஏலக்காரரிடம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று கூவுகிறவரிடம் நேற்றைய மீனை எவர் கொடுப்பார்? வீட்டில் சிரமம் வந்தது. அஞ்சலை ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் அணுமின் ப்ராஜெக்ட் நூலகத்தில் வேலை பார்ப்பவன், புத்தகம் தெரிந்தவன், சபைச் செயலாளர் வேறு என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, தொழில் செய்கிறவர்கள் கொஞ்சமாகப் பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று வேதத்தில் ஏதாவது வசனம் இருந்தால் எடுத்துக் கொடுக்கும்படி கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். வேதத்திலேயே பொய் சொல்லித் தப்பிய சில முற்பிதாக்களின் நடத்தை அவருக்கு உதவியிருக்கும். அதைச் சொல்லாமல், கிடைக்கவில்லை என்று சொல்லியனுப்பினேன்.

நம் பாஸ்டருக்கு மகாபலிபுரத்துச் சிற்பிகளை வைத்து ஒரு பிரசங்கம் உண்டு. சிற்பி கல்லிலிருந்து வேண்டாததைச் செதுக்கி எறிகிறான், அப்படியே ஆண்டவர் நம் பழைய பழக்கங்களைச் செதுக்குகிறார் என்று போகும். வெளியூர்ப் பிரசங்கிகள் யார் வந்தாலும், பஸ்ஸில் மகாபலிபுரத்தைத் தாண்டிவிட்டால், அதே பிரசங்கம்தான். கேட்டுக் கேட்டு அந்தச் சிற்பி இத்தனை வருஷத்தில் எந்தச் சிலையையும் முடிக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஒரு தடவை பிரசங்கம் முடிந்ததும் சீமோன் எழுந்து, மரியாதையாக ஆட்சேபித்தார். “கல்லு ஒடைச்சா ஒடைச்சதுதான் பாஸ்டரய்யா. மறுபடி மொளைக்காது. இது கல்லு இல்ல, தாடி. தெனம் வழிக்கணும். ஒரு நாளு வுட்டா ஊருக்கே தெரியும்.” அதற்குப் பிறகு பாஸ்டர் அந்தப் பிரசங்கத்தைச் செய்யும்போது சீமோன் இருக்கிறாரா என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொள்வார்.

இப்படியே சில வருஷங்கள் போன பிறகுதான் வலை அறுபட்ட விவகாரம் வந்தது.

முனுசாமி என்ற கட்டுமரக்காரருக்கும் குப்பம்மாளின் புருஷனுக்கும் வலை விரிக்கும் இடத்தைப் பற்றித் தகராறு. ஒரு நாள் மத்தியானம் முனுசாமி, “உன் வலைய அறுத்துப் போடறேன் பாரு” என்று கரையே கேட்கச் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்தபோது, மணலில் உலர்த்தியிருந்த குப்பம்மாள் வீட்டு வலை துண்டு துண்டாகக் கிடந்தது. யார் என்று கேட்க வேண்டிய அவசியமே ஊருக்கு இருக்கவில்லை. தான் முந்தின மாலையே செங்கல்பட்டுக்குப் படம் பார்க்கப் போய், பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கி, காலை முதல் பஸ்ஸில் வந்ததாக முனுசாமி சொன்னார். யாரும் நம்பவில்லை. பார்த்தவர் ஒருவர் இருந்தார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மாலை பஸ்ஸில் மீன் கூடைகளை ஏற்றிவிடவும், காலை பஸ்ஸில் காலிக் கூடைகளை இறக்கவும் சீமோன் தினமும் நிறுத்தத்துக்குப் போவார். முனுசாமி ஏறியதையும் பார்த்தார், இறங்கியதையும் பார்த்தார்.

அந்த ஊரில் குற்றம் சாட்டப்பட்டவருக்காகச் சாட்சி சொல்கிறவர் கங்கையம்மன் கோயில் முன்பு, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் சாட்சி ஏறும், செய்யாவிட்டால் ஏறாது. ஏறாவிட்டால் முனுசாமி இனி அந்தக் கரையிலிருந்து கட்டுமரம் தள்ள முடியாது. ஊர் ஒதுக்கியவரை அடுத்த கரையிலும் சேர்க்க மாட்டார்கள். நெத்திலி நன்றாக வந்துகொண்டிருந்த சமயம். முனுசாமியின் மனைவி கைக்குழந்தையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நாட்டாண்மைக்காரர் பெருந்தன்மையான மனிதர். ஏழுமலை வேதக்காரர் ஆகிவிட்டார், நம் கற்பூரம் அவருக்கு ஆகாது, அவர்களுடைய வேதத்தின்மேலேயே சத்தியம் செய்யட்டும் என்று தீர்மானித்து என்னிடம் ஆளனுப்பினார். ஊர் நம் வேதப்புத்தகத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் மகிழ்ந்துபோய், பிரசங்க மேடையிலிருந்த பெரிய புத்தகத்தைத் தாமே சுமந்துகொண்டு வந்தார். அங்கே ஒரு நாற்காலியில் புதுத் துண்டு விரித்து அதை வைத்தார்கள். வெறுமனே வைப்பது மரியாதை இல்லை என்று யாருக்கோ தோன்றி, அதன்மேல் ஒரு முழம் மல்லிகையும் வைத்தார்கள். இன்னொருவர், எதற்கும் இருக்கட்டும் என்று, பக்கத்தில் தட்டில் கற்பூரமும் ஏற்றிவைத்தார். இரண்டு மார்க்கங்களும் இதைவிட இணக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. சீமோன் ஒருவர்தான் இடைஞ்சலாக இருந்தார்.

சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். கோர்ட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள், ஒரு மனிதனின் பிழைப்பைக் காப்பாற்றத்தானே என்று பாஸ்டர் அவர் காதருகில் சொன்னார். சீமோன் குரலைத் தாழ்த்தவில்லை. “பாஸ்டரய்யா, சத்தியம் பண்ணாதன்னு இதுலதான் எழுதிகீது. இதும்மேலயே கைய வெச்சி எப்படி பண்றது?”

கூட்டத்தில் சிரிப்பும் சலசலப்பும். பழைய ஏழுமலையை அறிந்தவர்கள் அவர்கள். நெத்திலிக்குச் சத்தியம், காரப்பொடி மீனுக்குச் சத்தியம், ஒரு மனுஷன் பிழைப்புக்கு மட்டும் இல்லையா என்று ஒருவர் கேட்டார். கடைசியில் முனுசாமியே பேசினார். கெஞ்சவில்லை, கோபமும் படவில்லை. “உனுக்கு உன் சாமிகிட்ட நல்ல பேரு அண்ணாத்த. எனுக்குக் கட்டுமரம் போவுது.”

சீமோனுடைய வலது கை வேட்டியின் ஓரத்திலிருந்து சற்று உயர்ந்ததையும், திரும்ப இறங்கியதையும் பார்த்தேன். பிறகு சொன்னார்: “சாய்ங்காலம் பஸ் ஏறினான். பாத்தேன். காத்தால எறங்கினான். அதையும் பாத்தேன். அவ்ளோதான்.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சத்தியம் இல்லாத சொல் ஏறாது என்றார் நாட்டாண்மைக்காரர், நிஜமான வருத்தத்தோடு. அப்போது, பெண்கள் வாய் திறக்காத அந்தப் பஞ்சாயத்தில், குப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அறுபட்டது அவர் வீட்டு வலை. அவர் புருஷன் அவரைப் பார்த்த பார்வையை வேறு யாராவது பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள்.

“இந்தாளு சத்தியம் பண்ணிப் பண்ணி எனுக்கு எத்தினி கூட மண்ணு வித்துகீறாருன்னு இந்தக் கரைக்கே தெரியும்” என்றார். “இப்ப மட்டும் கைய வெச்சிருந்தாருன்னு வெச்சிக்க, பொய்யின்னு நானே சொல்லியிருப்பேன். சும்மா சொன்னாரு. சும்மா சொல்ல ஆரம்பிச்ச நாள்லேருந்து அவரு சொன்னது ஒண்ணும் தப்பிப் போனதில்ல. என் வலதான் போச்சி. வுடுங்க அவன.”

பஞ்சாயத்தார் நீண்ட நேரம் தங்களுக்குள் பேசினார்கள். முடிவில், சத்தியம் இல்லாமல் சாட்சியை ஏற்க முடியாது என்றும், ஆனால் வலைக்குச் சொந்தக்காரர்களே ஏற்றுக்கொண்டபின் வழக்கே இல்லை என்றும் சொல்லி, ஊர்க் கட்டுப்பாட்டையும் காப்பாற்றினார்கள், முனுசாமியையும் விட்டார்கள். உயர்ந்த நீதிமன்றங்களிலும் இப்படிப்பட்ட தீர்ப்புகள் வந்ததுண்டு. வலையை அறுத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. வேதப்புத்தகத்தை மல்லிகையோடும் ஒரு தேங்காயோடும் திருப்பிக் கொடுத்தார்கள். மல்லிகையைப் பாஸ்டர் வழியிலேயே எடுத்துப் போட்டார். தேங்காயைப் பற்றி அவருக்குக் கொள்கை எதுவும் இல்லாததால் அது எங்கள் வீட்டில் துவையலாயிற்று.

குப்பம்மாள் முன்னால் வந்து பேசாதிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சில நாள் கழித்துச் சீமோனிடம் கேட்டேன். கொள்கை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. “தெரியாது சாரு” என்றார். “கொழந்தய பாத்தேன். கை பாதி தூரம் பூடிச்சி. இத்தினி வருசமா வாயக் கட்டி நான் சேத்து வெச்சது அந்த வெறும் சொல்லு ஒண்ணுதான். அத்த எடுத்து அவனுக்குக் குடுத்தேன். அது செல்லுமான்னு எனக்கே தெரியாது.” பிறகு, தன் பேருடைய அந்தச் சீடரைப் பற்றி ஒன்று சொன்னார். சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று அவர் மறுதலித்த கதை சீமோனுக்கு மிகவும் பிடிக்கும். “பாரு சாரு, அவரு பொய் சொல்ற அன்னிக்குத்தான் சத்தியம் பண்ணாரு. மத்த நாளெல்லாம் சும்மாதான் பேசினாரு.”

இத்தோடு அவர் அந்தப் பழக்கத்திலிருந்து விடுபட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. போன வருஷம் அஞ்சலைக்கு உடம்பு மோசமாகி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவள் பிழைத்தால் இதைச் செய்கிறேன், அதை விடுகிறேன், இது ஆணை என்று காலையிலிருந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்ததாகவும், நடுவில் தன் குரல் தன் காதிலேயே விழுந்ததாகவும் சொன்னார். “ஏலக்கார கொரலு சாரு. சாமிகிட்டயே ஏலம் வுட்டுகினு கீறேன். அவரு ஒண்ணுமே கூறல, நானே ஏத்திகினு போறேன்.” இப்போது என்ன ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டேன். “அஞ்சலைக்கு முடியல, எனக்குப் பயமா கீது. அவ்ளோதான். அதுக்கு மேல சேக்கல.” சபையில் நான் கேட்ட ஜெபங்களில் அதுதான் மிகச் சிறியது. அஞ்சலை பிழைத்து வந்தார். அதற்கும் அந்த ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லச் சீமோன் கற்றுக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்தவர்களில் முனுசாமியும் ஒருவர். நம் பெரியவர்கள் நீண்ட சாட்சிகள் சொன்னார்கள். பரிசுத்தவான் என்றார்கள், தூண் என்றார்கள், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்கிற அளவுக்குப் போனார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்ற மீன்காரப் பெண்களுக்குள் அப்போது ஒரு சத்தம் கேட்டது. குப்பம்மாள் இருமினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இருமினார்கள். பேசிக்கொண்டிருந்த பெரியவருக்கு அர்த்தம் தெரியாது. கடற்காற்று என்று நினைத்திருப்பார். ஆனாலும் சீக்கிரம் முடித்துக்கொண்டார். அஞ்சலையின் முகத்தில் அன்று முழுவதும் நான் பார்த்த ஒரே சிரிப்பு அப்போது வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது என்ன என்று யோசித்தேன். ஏலத்தின் நடுவில், சத்தியம் இருந்த இடத்தில் அவர் விட்ட அந்த இடைவெளி. முதலில் அதில் வெறும் அலைதான் கேட்டது. போகப் போக அந்த இடத்தில் ஒரு மனிதர் நின்றார். இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அங்கங்கே ‘உண்மையிலேயே’ என்றும் ‘மிகையில்லை’ என்றும் எழுதியிருந்தேன். எழுதுகிறவர்களின் சத்தியங்கள் அவை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அடித்த பிறகு, அவற்றில் சில எதை மூடிக்கொண்டிருந்தன என்று தெரிந்து, அந்த வாக்கியங்களையும் எடுத்துவிட்டேன்.

குப்பம்மாள் எங்கள் வாசலில் விட்டுப்போன கூடை அவர் இறந்த அன்று சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. எடுத்துப் போக வந்தபோது, கடைசிக் குவியலை அள்ளுகையில் சீமோன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். “சொன்னாரு. ‘அடியில கொஞ்சம் நசுங்கினது கீது, பாத்து எடு’ன்னாரு.” மேலே இருந்த மீனை ஒதுக்கிக் காட்டினார். அடியில் சில மீன்கள் நசுங்கித்தான் இருந்தன.

அவர் நல்ல மனிதர். பார்த்தேன். அவ்வளவுதான்.